இடது வலதாகும் திசை

12-3-1991. ஷூ ஒரு ஜோடி, கறுப்பு, எட்டாம் அளவு. விலை 180. பங்கு 90.
30-7-1992. விலை 210. பங்கு 105.
8-2-1994. விலை 240. பங்கு 120.
19-10-1995. விலை 260. பங்கு 130.
3-6-1997. விலை 300. பங்கு 150.
21-1-1999. விலை 340. பங்கு 170.
14-9-2000. விலை 380. பங்கு 190.
6-5-2002. விலை 410. பங்கு இல்லை.

மொத்தம் எட்டு ஜோடி. வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கால்களும் இரண்டுதான்.

ஒருவர் டெய்லர். லாரி மோதியதில் வலது கால் தொடையோடு போனது. இன்னொருவர் குடிநீர் அலுவலகத்தில் குழாய்களுக்கும் பம்புகளுக்கும் படம் வரைந்த டிராப்ட்ஸ்மேன். சர்க்கரை நோயில் இடது காலை எடுத்துவிட்டார்கள். இருவரும் வேறு வேறு ஊர். பஸ்ஸில் ஏழு மணி நேரம். செயற்கைக் கால் பொருத்தும் நிலையத்தின் பெஞ்சில்தான் முதன்முதலாகச் சந்தித்தார்கள். பெரியவரான டிராப்ட்ஸ்மேன் டெய்லரின் ஷூவையே வெகுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டாம் நம்பர்தானே?" என்றார்.

"ஆமா சார். எதுக்குக் கேக்கறீங்க?"

"வலது ஷூவையெல்லாம் என்ன பண்றீங்க?"

"கட்டிலுக்கு அடியில கெடக்கு. வீட்டுக்காரி பெருக்கும்போதெல்லாம் திட்டு விழுது. ஒத்தையா கேட்டா கடைக்காரன் குடுக்க மாட்டேங்கறான்."

"என் வீட்டு அலமாரியில இடது ஷூ நாலு தூங்குது. ஒண்ணுகூட மண்ணைத் தொட்டதில்ல."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், உள்ளே அளவெடுத்துக்கொண்டிருந்தவர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். செயற்கைக் கால் இருவருக்குமே ஒத்துவரவில்லை. டெய்லருக்குப் புண்ணானது, கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்பினார். ஆனால் அந்தப் பெஞ்சில் பேசிய ஏற்பாடு நிலைத்தது. ஒரு முறை இவர் ஜோடி வாங்குவார், மறு முறை அவர். வாங்கியவர் தன் காலுக்கானதை வைத்துக்கொண்டு மற்றதைத் தபாலில் அனுப்புவார். பாதி விலை மணியார்டரில் வரும். இரண்டாவது ஜோடிக்குள் 'சார்' போய் 'அண்ணே' வந்துவிட்டது.

டெய்லரின் கடை ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஒரு பக்கம் நிமிர்ந்து நிற்கலாம். மறுபக்கம் போகப் போகக் கூரை சரிந்து தலையில் இடிக்கும். அந்தத் தாழ்ந்த பக்கத்தில் தையல் மெஷின், நடுவில் வெட்டு மேசை, வாசலோரம் ஆளுயரக் கண்ணாடி. மெஷினை இடது காலால் மட்டுமே மிதிப்பதால் அவருடைய ஷூ முன்பக்கம்தான் தேயும். பக்கத்துச் சலவைக்கடைக்காரர் அவருக்குக் 'கொக்கு' என்று பெயர் வைத்திருந்தார். பேரில் மரியாதை இல்லை, ஆனால் மனதில் இருந்தது. மழை நாளில் டெய்லரின் மதியச் சாப்பாட்டை அவர்தான் வீட்டிலிருந்து வாங்கிவருவார்.

1994 பிப்ரவரியில் வந்த இடது ஷூவின் மூக்குக்குள், வழக்கமாகத் திணிக்கும் பழைய செய்தித்தாளுக்குப் பதிலாக நான்கு பக்கக் கடிதம் இருந்தது. டெய்லரின் மனைவி அதைக் குப்பையில் போடப் போனவள், தெரிந்த கையெழுத்தாக இருக்கவே எடுத்துவந்தாள்.

"உங்க அண்ணன் கணக்குப் பாடம் அனுப்பியிருக்காரு. வீட்டுப்பாடமும் இருக்கும்போல."

கடிதத்தின் சாரம் இதுதான். ஒரு புள்ளியை ஒரு பக்கமாக இழுத்தால் கோடு. கோட்டை அதற்குக் குறுக்கே இழுத்தால் சதுரம். சதுரத்தை மேல்நோக்கி இழுத்தால் கனசதுரம். மூலைகள் ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாகின்றன: கோட்டுக்கு இரண்டு முனை, சதுரத்துக்கு நாலு, கனசதுரத்துக்கு எட்டு. அந்தக் கனசதுரத்தை, நீளமும் அகலமும் உயரமும் அல்லாத இன்னொரு திசையில் இழுத்தால் பதினாறு மூலை உள்ள ஒன்று வரும். அதன் விளிம்புகளை எண்ணலாம், பக்கங்களை எண்ணலாம், கணக்கு எங்கேயும் இடறாது. அந்தத் திசை எங்கே என்று கைகாட்டத்தான் முடியாது. அதுதான் நான்காம் பரிமாணம்.

"வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒரு பம்புக்கு மூன்று படம் வரைகிறேன்: மேலிருந்து, முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து. மூன்றும் தட்டையான காகிதம். ஃபிட்டர் அதைப் பார்த்து மனதுக்குள் முழுப் பம்பைக் கட்டிக்கொள்கிறான். நாலு திசை உள்ள பொருளுக்குப் படம் வரைந்தால் ஒவ்வொரு படமும் பம்பைப் போலத் திரண்ட உருவமாக இருக்கும். அவற்றை அடுக்கிப் பார்த்து முழுசைக் கட்டிக்கொள்ளும் மனம்தான் நமக்கு இல்லை. ஆபீசில் இதைச் சொன்னால் டீ குடிக்க எழுந்து போய்விடுகிறார்கள். நீங்களாவது உட்கார்ந்து படியுங்கள். எழுந்து போவது உங்களுக்குச் சிரமம் என்று எனக்குத் தெரியும்."

டெய்லர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மூன்று முறை படித்தார். மண்டை காய்ந்ததுதான் மிச்சம். 'அண்ணே, புரியவில்லை' என்று எழுதிப் போட்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு துண்டு வந்தது. ஒன்றில் முடிச்சைப் பற்றி எழுதியிருந்தார். நாலு திசை உள்ள இடத்தில் நூலில் முடிச்சு நிற்காது. நூலின் ஒரு பகுதியை நாலாவது திசையில் கொஞ்சம் நகர்த்தினால் குறுக்கே கிடக்கும் நூலைத் தாண்டிவிடும், முனையைத் தொடாமலே முடிச்சு அவிழ்ந்துவிடும்.

டெய்லரின் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "அப்போ அந்த ஊர்ல தையல் நிக்காது. உங்களுக்குப் பொழப்பு இல்ல," என்றாள்.

"இன்னொண்ணும் எழுதியிருக்காரு. அங்க இடது ஷூவைத் தூக்கித் திருப்பிப் போட்டா வலது ஷூ ஆயிடுமாம்."

"அப்போ நீங்க ரெண்டு பேரும் கடுதாசியே போட்டுக்க வேண்டாம். அவங்கவங்க ஜோடியை அவங்கவங்களே போட்டுத் தேய்ச்சுக்கலாம்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். டெய்லருக்கு அது சுருக்கென்று தைத்தது. அவருக்குக் கடிதம் போடும் ஆள் உலகத்தில் வேறு ஒருவரும் இல்லை.

டிராப்ட்ஸ்மேன் ஓய்வு பெற்றார். பிள்ளைகள் இல்லை. ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் கேட்கத் தொடங்கினார்: "இப்போதாவது பிடிபட்டதா? ஒரே ஒரு ஆளுக்குப் பிடிபட்டால் போதும். நான் காற்றோடு பேசவில்லை என்று நிம்மதியாக இருப்பேன்." ஏழு வருடமாக டெய்லர் ஒரே பதிலை எழுதினார். எழுத எழுத அவருக்கே கூச்சமாக இருந்தது.

2001 நவம்பரில் ஒரு மேடைப் பாடகர் வெல்வெட் கோட் தைக்கக் கொடுத்தார். மற்ற துணியென்றால் இரண்டாக மடித்துப் போட்டு ஒரே வெட்டில் இரண்டு கையையும் எடுத்துவிடலாம். ஒன்று இடது, ஒன்று வலது என்று தானாகவே அமையும். வெல்வெட்டை மடித்தால் வழுக்கும். அதனால் ஒற்றையாக விரித்து, காகித மாதிரியை வைத்து ஒரு கையை வெட்டி, காகிதத்தைக் குப்புறத் திருப்பி வைத்து மறுகையை வெட்ட வேண்டும். டெய்லர் காகிதத்தைத் திருப்ப மறந்தார். கத்தரியைக் கீழே வைத்த பிறகுதான் தெரிந்தது: இரண்டும் இடது கை.

சாதாரணத் துணியானால் ஒன்றைப் புரட்டிப் போட்டு வலது கையாக்கிவிடலாம். இதைப் புரட்டினார், வடிவம் சரியாக வந்தது, ஆனால் மினுமினுப்பு உள்பக்கம் போய்விட்டது. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சலவைக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன கொக்கு, மீன் தப்பிச்சிடுச்சா?" என்றார்.

"ரெண்டும் இடது கையா வெட்டிட்டேன்."

"பாடறவர்தானே. ஒரு கையில மைக்கைப் பிடிச்சிருப்பாரு. இன்னொண்ணை யாரு பார்க்கப் போறாங்க?"

டெய்லர் சிரிக்கவில்லை. மேசைமேல் இருந்த காகித மாதிரியை ஒரு விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். மேசையை விட்டு எழாமல் அதை இப்படிச் சுற்றலாம், அப்படிச் சுற்றலாம், தலைகீழாகக்கூட வைக்கலாம். நாள் முழுக்கச் சுற்றினாலும் இடது கை இடது கைதான். விளிம்பைப் பிடித்துத் தூக்கிக் குப்புறப் போட்டால் மறுகணம் வலது கை. மேசையிலேயே பிறந்து மேசையிலேயே ஊர்ந்து திரியும் ஒரு பூச்சிக்குத் 'தூக்கு' என்றால் என்ன புரியும்? அது பார்த்தவரைக்கும் இடது கை ஒன்று காணாமல் போய் அதே இடத்தில் வலது கை வந்திருக்கும்.

குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். அதைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இதற்கும் அப்படி ஒரு 'தூக்கு' இருக்கிறது. நமக்குத்தான் அது தெரியவில்லை. இதைத்தான் அண்ணன் ஏழு வருடமாகத் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். டெய்லருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வெல்வெட் போன வருத்தம்கூட ஒரு நிமிடம் மறந்துபோனது.

அன்றைக்கே எழுதினார். கோட்டுக் கை வெட்டிய கதை முழுவதையும் எழுதிவிட்டு, சந்தோஷத்தில் கடைசியாக ஒரு வரி சேர்த்தார்: 'அண்ணே, அந்தத் திசையை நான் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.'

மனைவி படித்துப் பார்த்துவிட்டு, "என்னத்தப் பார்த்தீங்க?" என்றாள்.

"காகிதம் திரும்பறதைப் பார்த்தேன்."

"ஷூ திரும்பறதைப் பார்த்தீங்களா?"

"அதையா பார்த்தேன்... விடு. எவ்வளவு வருஷமா கேக்கறாரு. சந்தோஷப்படட்டும்."

பதில் வந்தது. இவ்வளவு சந்தோஷமான கடிதத்தை டிராப்ட்ஸ்மேன் எழுதியதே இல்லை. 'நான் வருகிறேன், நேரில் காட்டுங்கள்' என்று எழுதியிருந்தார். அடுத்ததில், காலில் சின்னக் கொப்புளம், ஆறியதும் புறப்படுகிறேன் என்றார். அதற்கு அடுத்ததில், கொப்புளம் இன்னும் ஆறவில்லை என்று ஒரு வரி.

மார்ச் மாதம் வந்த கடிதம் அவர் மனைவி எழுதியது. "தம்பி, கால் கறுத்துவிட்டது. உடனே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். இவர் கேட்கமாட்டேன் என்கிறார். நீங்கள் வந்து சொன்னால் கேட்பார்."

டெய்லருக்கு விஷயம் பளிச்சென்று விளங்கியது. அந்தக் காலை எடுத்தால் டிராப்ட்ஸ்மேனுக்கு வலது ஷூ வேண்டாம். எடுக்காவிட்டால் டிராப்ட்ஸ்மேனே இருக்க மாட்டார். இரவு பஸ் ஏறினார்.

டிராப்ட்ஸ்மேனின் வீடு மூன்றாம் மாடியில் இரண்டு அறை. ஜன்னலோரம் கட்டில். காலில் கட்டு, அறையில் மருந்து வாடையையும் மீறி ஒரு வாடை. அலமாரியில் கம்பியால் செய்த ஒரு பொருள் இருந்தது. பெரிய கனசதுரக் கூட்டுக்குள் சின்னக் கனசதுரக் கூடு, மூலைக்கு மூலை கம்பியால் இணைத்தது.

"வாங்க டெய்லரே," என்றார் டிராப்ட்ஸ்மேன். "நான் வர்றேன்னு சொல்லி உங்களை வர வெச்சுட்டேன்."

"அதனால என்ன அண்ணே."

"அதை எடுத்து விளக்குக்கு முன்னால பிடிங்க. சுவத்துல நிழலைப் பாருங்க. சாதாரணக் கனசதுரக் கம்பியோட நிழல் தட்டையா விழும், சில கோடு சின்னதாத் தெரியும், சிலது பெருசாத் தெரியும். உண்மையில எல்லாக் கம்பியும் ஒரே நீளம். இந்தப் பொருள் இருக்கே, இதுவே ஒரு நிழல்தான். உள்ள இருக்கற கூடும் வெளியில இருக்கறதும் உண்மையில ஒரே அளவு. நிழலைச் செஞ்சுட்டேன். எதோட நிழல்னு பார்க்கத்தான் எனக்குக் கண்ணு இல்ல."

"அண்ணே, காலை..."

"இருங்க." தலையணைக்குப் பக்கத்திலிருந்த காகிதத்தை எடுத்து ஒரு வட்டம் போட்டு, உள்ளே ஒரு புள்ளி வைத்தார். "காகிதத்துக்குள்ளயே வாழறவன் இந்தப் புள்ளியைத் தொடணும்னா வட்டத்தை வெட்டித்தான் ஆகணும். நான் மேலேர்ந்து விரலை வெச்சுத் தொட்டுடுவேன், வட்டத்துல கீறல்கூட விழாது. நமக்கும் அந்த மாதிரிதான். அந்தத் திசையிலேர்ந்து ஒருத்தன் கையை நீட்டினா, பூட்டின அறைக்குள்ள இருக்கறதை எடுப்பான். தோலைக் கிழிக்காம எலும்பைத் தொடுவான். இந்தக் காலுக்குள்ள அழுகினதை மட்டும் பொறுக்கி எடுத்துடுவான்."

டெய்லர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"பயப்படாதீங்க, எனக்கு மூளை கெட்டுப்போகல. அப்படி ஒருத்தனும் வரப்போறதில்லன்னு தெரியும். ஆனா முப்பது வருஷமா கணக்குல மட்டும் வெச்சிருக்கேன். ஒரு தடவைகூட மனசுக்குள்ள பார்த்ததில்ல. நீங்க பார்த்துட்டேன்னு எழுதினீங்க. எப்படிப் பார்த்தீங்க? அதைச் சொல்லுங்க. அப்புறம் காலை எடுத்துக்கட்டும், எனக்கு ஒண்ணுமில்ல."

அவருடைய மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். டெய்லர் அவளைப் பார்த்தார், கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். ஆனால் எதைச் சொன்னாலும் டிராப்ட்ஸ்மேன் அடுத்த கேள்வி கேட்பார் என்று தெரிந்தது.

"அண்ணே, நான் பார்க்கல. காகிதம் திரும்பறது புரிஞ்சுது. ஷூவுக்கும் அதே மாதிரின்னு புரிஞ்சுது. ஷூவை எந்தப் பக்கம் தூக்கறதுன்னு எனக்கும் தெரியல. நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு ஒரு வரி சேர்த்து எழுதிட்டேன்."

டிராப்ட்ஸ்மேன் காகிதத்தை மடித்தார். இன்னொரு முறை மடித்தார்.

"அவ்வளவுதானா," என்றார். "அது எனக்கே தெரியுமே."

கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றோம்னு டாக்டர்கிட்ட சொல்லு," என்று மனைவியிடம் சொன்னார்.

டெய்லர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். டிராப்ட்ஸ்மேன் சுவர்ப் பக்கம் திரும்பியபடியே, "இனிமே எழுதினா உள்ளதை எழுதுங்க டெய்லரே. புரியலைன்னா புரியலைன்னே எழுதுங்க. அது ஒண்ணும் குத்தமில்ல," என்றார்.

அவர் மனைவி படிக்கட்டு வரை கூடவே வந்தாள்.

"ஒரு மாசம் முன்னாடியே டாக்டர் சொன்னாரு தம்பி. அப்போ பாதத்தோட போயிருக்கும். இப்போ முட்டிக்கு மேல எடுக்கணுமாம். உங்க கடைக்கு வந்துட்டுத்தான் எடுப்பேன்னு உட்கார்ந்துட்டாரு. இருக்கற ஒரு காலோட வந்து நிக்கணுமாம்."

அவள் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். டெய்லருக்கு அது இன்னும் மோசமாக இருந்தது. "அண்ணி, எனக்குத் தெரியாது," என்றார். "உங்களுக்கு எப்படித் தெரியும்," என்றாள் அவள். மூன்று மாடியும் அவர் ஒவ்வொரு படியாக இறங்கும்வரை மேலேயே நின்றாள்.

மார்ச் 27 அன்று அவருடைய காலை எடுத்தார்கள். அவர் வீட்டுக்கு வந்துவிட்டார், பேசுவதில்லை, கம்பிக்கூட்டைக் கண்ணில் படாத இடத்தில் வைக்கச் சொல்லிவிட்டார் என்று அண்ணியிடமிருந்து ஒரு கார்டு வந்தது.

மே மாதம் டெய்லரின் ஷூ முன்பக்கம் ஓட்டையாகிவிட்டது. மெஷின் மிதித்தால் இரும்பு விரலில் பட்டது. அந்த முறை ஜோடி வாங்க வேண்டியவரும் அவர்தான். கடையில் கேட்டுப் பார்த்தார். ஒற்றையாகத் தரமாட்டோம் என்றார்கள். நானூற்றுப் பத்தும் கொடுத்து வாங்கினார். பில்லைப் பார்த்து மனைவி, "பங்கு யார்கிட்ட கேக்கறது?" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

வலது ஷூ மேசைமேல் இருந்தது. வழக்கமாக அதைத் துணியில் சுற்றி முகவரி எழுதுவார். இப்போது அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். குப்புற வைத்தார், பக்கவாட்டில் வைத்தார், முன்பின்னாக வைத்தார். எப்படி வைத்தாலும் வலது கால் ஷூதான். வாசலோரக் கண்ணாடிக்கு முன்னால் அதைப் பிடித்தார். கண்ணாடிக்குள் அச்சு அசலாக ஓர் இடது ஷூ தெரிந்தது. அந்த நாலாவது திசையில் போய்ப் புரண்டுவிட்ட ஷூ. போன வழியைத்தான் கண்ணாடி காட்டவில்லை. விரலால் தட்டினார், வெறும் கண்ணாடி.

"என்ன கொக்கு, ஷூவுக்கு அலங்காரமா?" என்றார் சலவைக்கடைக்காரர். டெய்லரின் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

டெய்லர் எழுதினார்: 'அண்ணே, ஷூவைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தேன். அங்கே இடதாகத்தான் தெரிகிறது. எப்படிப் போனது என்று யோசித்துப் பார்த்தேன். புரியவில்லை. வலது ஷூ என்னிடம் இருக்கிறது. அனுப்பட்டுமா என்று கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் உள்ளதை எழுதச் சொன்னீர்கள். உள்ளது இவ்வளவுதான்.'

பதில் வெகுநாள் வரவில்லை. தபால்காரர் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மெஷின் நின்று நின்று ஓடியது. வந்தபோது உறையின்மேல் இருந்தது அண்ணியின் கையெழுத்து. உள்ளே சில வரிகள். "தம்பி, உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். ஜூன் 30 காலை தூக்கத்திலேயே போய்விட்டார். வலது ஷூவை அனுப்ப வேண்டாம்."

கடிதம் வந்த தேதி 11-7-2002.